எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

ஷோபனாவுக்கு வாய் நீளம் என்று சென்னை பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளே சொல்வாள். அந்த வாயால் மூன்று கம்பெனிகளில் அவளுக்கு வேலை போயிருக்கிறது. மூன்று தடவையும் தப்பு செய்தவர்கள் வேறு யாரோ. அதை எல்லார் முன்னாலும் சொன்னது மட்டும்தான் இவள் செய்தது. சொன்னவளுக்கு வேலை போச்சு, செய்தவர்கள் இன்றைக்கும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன நியாயமோ போங்கள்!

முதல் வேலை பாடியிலேயே ஒரு பிரஸ் கம்பெனி. இரும்புத் தகட்டை வைத்து அமுக்கி வெட்டுகிற மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காக வைத்த ஏற்பாடு. ஆனால் அங்கே பீஸ் ரேட். எத்தனை பீஸ் போடுகிறார்களோ அதற்குத்தான் கூலி. ஆட்கள் என்ன செய்தார்கள்? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, ஒரு பட்டனை அமுக்கின மேனிக்கே இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஒரு கை சும்மா கிடைத்தது, அந்தக் கையால் அடுத்த தகட்டை எடுத்து வைத்தார்கள். சூப்பர்வைசர் தினமும் அதைப் பார்த்தார், பார்க்காதவர் மாதிரி போனார். பீஸ் ஏறுகிறதே, அவருக்கென்ன கசக்குமா?

ஒரு நாள் பக்கத்து மெஷின் பெண்ணுக்கு விரல் நுனி போனது. அதே சூப்பர்வைசர் ஓடி வந்து, ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கேட்டார், "யாரும்மா உன்ன ட்யூப் கட்டச் சொன்னது?" ஷோபனாவுக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "நீ பார்த்துகினுதானய்யா போன இத்தினி நாளா? உன் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சு?" என்றாள். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். அடுத்த வாரம் வேலை இல்லை.

அடுத்த இரண்டு வேலையும் இப்படித்தான் போயின. கடைசியாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வண்டி உதிரிபாக குடோனில் சேர்ந்தபோது, அவள் புருஷன் முனியன் கையெடுத்துக் கும்பிட்டான். முனியன் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பயந்த சுபாவம். "ஷோபனா, உன் கால்ல வேண்ணா வுழறேன். இங்கயாவது வாய மூடிகினு இரு" என்றான். அவளும் சரி என்றாள். சொன்னபடியே வருஷக்கணக்கில் மூடிக்கொண்டும் இருந்தாள். பேக்கிங் பகுதிக்கே இன்சார்ஜ் ஆனாள். அவ்வளவு நாள் அந்த வாய் சும்மா இருந்தது பெரிய சாதனை.

குடோனில் பூஜை என்றாலும் ஷோபனாதான். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டுவதிலிருந்து பூசணிக்காய் உடைப்பது வரைக்கும் அவள் பார்த்துக்கொள்வாள். அதனால் புது ரோபோ வண்டிகள் வந்து இறங்கியதும் மானேஜர் சுப்பராயன் அவளைத்தான் கூப்பிட்டார். "மேடம் வர்றாங்க. பூஜை ஜம்முனு இருக்கணும்" என்றார். மேடம் என்றால் முதலாளி கிருஷ்ணப்பிரியா.

வண்டிகள் பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி, கீழே சக்கரம், முன்னால் கண் மாதிரி ஒரு கண்ணாடி. மேலே சாமான் தட்டை ஏற்றினால் அலமாரிகளுக்கு நடுவே தானாக ஓடி பேக்கிங் மேஜைக்கு வந்து நிற்கும். பூவும் பொட்டுமாக வந்து நின்றதால் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். கூட்டிப் பெருக்குகிற சித்ராதான் முதலில் அப்படிச் சொன்னாள். கொரட்டூர் ஏரிப்பக்கத்திலிருந்து வருகிறவள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள்.

வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் ஜெகதீஷ். ஊர் தென்காசிப் பக்கம், கொரட்டூரில் ஒரு பிளாட்டில் நண்பர்களோடு குடியிருக்கிற பையன். நல்ல பையன், ஆனால் மானேஜர் இருமினால் இவனுக்கு வேர்க்கும். ஷோபனா அவனிடம் கேட்டாள், "இதுக்கு வழி யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. தானே ஓடிப் பார்த்துக் கத்துக்கும். சாமானை வேகமா கொண்டு சேர்த்தா மார்க் ஏறும். நடுவுல நின்னா மார்க் குறையும். மார்க் எப்படி ஏறும்னு பார்த்துப் பார்த்து அதுவே வழி கண்டுபிடிக்கும்."

"பீஸ் ரேட்டு ஆளுன்னு சொல்லு" என்றாள் ஷோபனா. அவளுக்கு சைக்கிள் ட்யூப் ஞாபகம் வந்தது. "அப்போ மார்க்குக்கோசரம் ஆள் மேல ஏத்திடப் போவுது."

"அதுக்குத்தான் அடியில ஒரு பூட்டு போட்டிருக்கோம். மேல இருக்கிறது என்ன வேணாலும் கத்துக்கட்டும். முன்னாடி ஒரு பொருள் தெரிஞ்சா அடியில இருக்கிறது பிரேக் போட்டுடும். அது மட்டும் எதையும் கத்துக்காது. கத்துக்கவும் கூடாது."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஏற்பாடும் நன்றாகத்தான் இருந்தது.

பூஜை அன்றைக்கு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முதல் வண்டியின் சக்கரங்களுக்கு முன்னால் ஷோபனா எலுமிச்சம்பழம் வைத்தாள். சைக்கிளாக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் பழம் நசுங்கித்தானே புது வண்டி கிளம்பும்? ஜெகதீஷ் வண்டியைக் கிளப்பினான். வண்டி அரை அடி நகர்ந்தது, பழத்தைப் பார்த்தது, நின்றுவிட்டது. திரும்பக் கிளப்பினான். திரும்ப நின்றது. கூட்டத்தில் சிரிப்பு. "மாப்ள முறுக்கிக்கினார்பா!" என்று சித்ரா கத்தினாள். மேடமே சிரித்துவிட்டாள்.

"பழத்த எடுத்துடலாமா அக்கா?" என்று ஜெகதீஷ் மெல்லக் கேட்டான்.

"அதெப்படி? பழம் நசுங்காம வண்டி உள்ள போவக்கூடாது. அபசகுனம்" என்றாள் ஷோபனா. அவள்தான் சொன்னாள். இதை நான் மறைக்கப் போவதில்லை, அவளும் மறைக்கவில்லை.

சுப்பராயனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதையாவது பண்ணித் தொலைப்பா, மேடம் நிக்கிறாங்க, நல்ல நேரம் போகுது" என்று ஜெகதீஷின் காதில் சீறினார். ஜெகதீஷ் லேப்டாப்பை எடுத்து வந்து என்னவோ தட்டினான். மூன்றாவது தடவை வண்டி நிற்கவில்லை. பழம் சட்டென்று நசுங்கி சாறு தெறித்தது. எல்லாரும் கைதட்டினார்கள், ஷோபனாவும் தட்டினாள்.

அதற்கப்புறம் வண்டிகள் ஓடின ஓட்டத்தைப் பார்க்கணுமே! நாளாக ஆக வேகம் கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் தரையில் ஒரு அட்டைத்துண்டு கிடந்தால்கூட நின்று, யாராவது வந்து எடுத்தால்தான் போகும். இப்போது அட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ, மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. வண்டி நன்றாகப் பழகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். சுப்பராயன் மீட்டிங்குக்கு மீட்டிங் அதையே சொல்லி மேடத்திடம் பேர் வாங்கினார்.

சித்ராவுக்கு அது நடந்தது ஒரு சாதாரண மத்தியானம். அலமாரிக்கு அடியில் ஒரு வாஷர் பாக்கெட் உருண்டு போயிருந்தது. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கையை வெளியே வழியில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் அதை எடுக்கக் குனிந்தாள். அவள் உடம்பு அலமாரிக்குப் பின்னால். வழியில் தெரிந்தது அவளுடைய வலது கை மட்டும். வண்டி வந்தது. அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. சித்ரா போட்ட அலறலில் ஷோபனா ஓடிப் போய் வண்டிகளை நிறுத்துவதற்கென்று சுவரில் இருந்த சிவப்புப் பட்டனை அடித்தாள். அதற்குள் தட்டு நிறைய இரும்பு ஏற்றிய வண்டி கை மேல் ஏறி இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். துடைப்பம் பிடிக்கிற கை. சுப்பராயன் ஒரு பை ஆப்பிளோடு பார்க்க வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். "வண்டி ஓடுற வழியில யாராவது கைய வைப்பாங்களாம்மா? கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?" என்றார். படுத்திருந்த சித்ரா, தப்பு செய்த குழந்தை மாதிரி, "இல்ல சார், பாக்கெட்டு எடுக்கலாம்னு" என்று இழுத்தாள். பக்கத்தில் நின்ற ஷோபனா அந்த ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடிபட்டவள் மேலேயே பழியைப் போடுகிற இந்தக் குரலை அவள் இருபது வயதில் கேட்டிருக்கிறாள்.

குடோனில் எல்லாரையும் நிறுத்தி வைத்து சுப்பராயன் பேசினார். வண்டியில் ஒரு குறையும் இல்லையாம், முழுக்க முழுக்க சித்ராவின் கவனக்குறைவாம். அவளை வேலைக்கு அனுப்பிய கான்டிராக்டரிடம் வேறு ஆள் அனுப்பச் சொல்லியாகிவிட்டதாம். கை போனவளுக்கு வேலையும் போச்சு, போதாததுக்கு கவனமில்லாதவள் என்ற பேர் வேறு! இப்படிப் பேர் வாங்கினவளை வேறு எந்தக் கம்பெனிக்காரன் உள்ளே விடுவான்?

அன்று சாயந்திரம் எஸ்டேட் டீக்கடையில் ஜெகதீஷ் தானாக ஷோபனா பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தப் பழம்" என்றான்.

"எந்தப் பழம்?"

"பூஜை அன்னிக்கு வண்டி நின்னுச்சே. அடியில இருக்கிற பூட்டுல, இவ்வளவு சின்னப் பொருளுக்கு நிக்காதேன்னு நான் மாத்தி வெச்சேன். அன்னிக்கு சாயந்திரமே திருப்பி வெச்சுடலாம்னு நெனச்சேன். சார்கிட்ட கேட்டேன். அவர் வேணாம்னுட்டார். வண்டி நிக்காம ஓடுது, டெலிவரி நல்லா போகுது, அப்படியே இருக்கட்டும்னார்." டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "அப்புறம் அது கத்துக்கிச்சுக்கா. சின்னப் பொருள் மேல ஏறிப் போனா மார்க் ஏறுதுன்னு. முன்னாடி எல்லாம் நிறுத்த அடியில ஒண்ணு இருந்துச்சு. அத நாமளே எடுத்துட்டோம்."

ஷோபனா டீயைக் கீழே கொட்டினாள். "அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில மன்னிப்புக் கேக்குதுடா. செய்யாத தப்புக்கு! நீ இங்க டீ குடிச்சுகினு கீற."

அவன் அழுதேவிட்டான். அவனை அடிக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் சுப்பராயன் அறைக்குள் போனாள். கதவைக்கூடத் தட்டவில்லை. ஜெகதீஷ் சொன்னதை எல்லாம் சொல்லி நியாயம் கேட்டாள். சுப்பராயன் சத்தமே போடவில்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். "எல்லாம் சித்ராவுக்கு அடிபட்ட அன்னிக்கே பழையபடி மாத்தியாச்சு, மேடத்துக்கும் சொல்லியாச்சு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, நீ சொல்ற மாதிரியே வெச்சுக்குவோம். எலுமிச்சம்பழம் வெச்சது யாரு? எடுக்கக்கூடாது, அபசகுனம்னு பிடிவாதம் பிடிச்சது யாரு? நாளைக்கு விசாரணைன்னு வந்தா அம்புட்டு பேரும் உன்னத்தான் கை காட்டுவாங்க. பார்த்து நடந்துக்கோ" என்றார்.

அவள் வாயடைத்துப் போனது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பழம் அவள் வைத்ததுதான். அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முனியன் இரண்டு மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் வெச்ச பழம்யா. என்னாலதான் அவளுக்கு இப்டி ஆச்சு."

முனியன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பழம் வெச்சா வண்டி நிக்கும். அது நின்னுச்சு. அத்த நிக்காத பண்ணது நீயா?" என்றான்.

அடுத்த இரண்டு நாளில் சுப்பராயனே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். விபத்துக்கு அப்புறம் வண்டிகள் ஓரமாக நின்றுகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை திருஷ்டி கழித்துவிட்டுத் திரும்ப ஓட்டப் போகிறார்களாம். மேடமும் வருகிறாளாம். "நம்ம மேல எவன் கண்ணோ பட்டிருக்கு. பூசணிக்கா, எலுமிச்சம்பழம் எல்லாம் ஏற்பாடு பண்ணிடு. போன தடவை மாதிரி சொதப்பக்கூடாது, பழம் டக்குனு நசுங்கணும்" என்றார்.

நசுங்கணுமாம்! அந்த மனுஷன் வாயாலேயே சொன்னார். போன தடவை நின்ற அவமானம்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஏன் நின்றது, எதனால் பிறகு நிற்கவில்லை என்று அந்த மண்டையில் ஓடவே இல்லை. ஷோபனா அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "சரி சார். பழம் நானே எடுத்தாறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து முனியனிடம் விஷயத்தைச் சொன்னாள். "பழம் நசுங்குச்சுன்னா, அந்தாளு மாத்தவே இல்லன்னு ஊரே பார்க்கும். நின்னுச்சுன்னா நான் பொய் சொல்றவ. ரெண்டுல ஒண்ணு." முனியன் தலையைச் சொறிந்தான். வாயை மூடிக்கொள் என்று சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் வெள்ளிக்கிழமை காலையில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தான். "நல்ல பெருசா பொறுக்கினேன். தூரக்க நிக்கிறவங்களுக்கும் தெரியணும் இல்ல?" என்றான். போகிற வழியில் கொரட்டூரில் ஆட்டோவை நிறுத்தி சித்ராவையும் ஏற்றிக்கொண்டார்கள். அவள் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் எதற்கு மறைக்க வேண்டும்? மறைக்க வேண்டியவர்கள் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள்.

பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது. ஷோபனா குனிந்து, வழியின் நடுவே, சித்ராவின் கை கிடந்த அதே இடத்தில் பெரிய பழமாக ஒன்றை வைத்தாள். வண்டியை யாரும் தொடவில்லை, லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. கோடியிலிருந்து முதல் வண்டி கிளம்பி வந்தது. நேராக வந்தது. பழத்தின் மேல் ஏறி, நசுக்கி, நிற்காமல் போனது. சுப்பராயன் "பலே!" என்று கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். சுவரோரம் நின்ற ஜெகதீஷின் முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

ஷோபனா நசுங்கின பழத்தைத் தரையிலிருந்து வழித்து எடுத்தாள். நேராக மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், போன பூஜைல இதே பழத்துக்கு வண்டி நின்னுச்சு. நாபகம் கீதுங்களா?"

கிருஷ்ணப்பிரியா யோசித்தாள். "ஆமா. ரெண்டு தடவை நின்னுச்சு. அப்புறம் ஜெகதீஷ் என்னமோ பண்ணினார்."

"இன்னிக்கு யாரும் எதுவும் பண்ணல. ஏன் நிக்கல? பழையபடி மாத்தியாச்சுன்னு சொன்னாரே சார், அப்போ நின்னுக்கணும் இல்ல?"

கைதட்டல் அடங்கிப்போனது. சுப்பராயன் இரண்டடி முன்னால் வந்தார். "ஷோபனா, பூஜை நேரத்துல என்ன இது? மேடம், இவதான் அன்னிக்கு பழத்த எடுக்கக்கூடாதுன்னு..."

"ஆமா, நான்தான் வெச்சேன்!" அத்தனை வருஷம் மூடி வைத்த வாய் திறந்துகொண்டது. "வெச்சேன், எடுக்கக்கூடாதுன்னும் சொன்னேன். அந்தப் பாவம் எனக்குக் கீது, நான் சொமக்கிறேன். பழத்துக்கோசரம் ஒரு நிமிசம் மாத்தனத, டெலிவரிக்கோசரம் அப்டியே வுட்டது யாரு? அத்த மூடி மறைச்சுட்டு, கை போனவ தலைல பழியக் கட்டினது யாரு?"

"அது எலுமிச்சம்பழம்மா" என்றார் சுப்பராயன், சிரிக்கப் பார்த்துக்கொண்டே. "கை வேற, பழம் வேற. வண்டிக்குத் தெரியும்."

"தெரியாது மேடம்" என்றான் ஜெகதீஷ். சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தான். "ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். நான்தான் மாத்தினேன். திருப்பி வெக்கிறேன்னு கேட்டேன், சார் வேணாம்னார். அதுக்கு மேல நானும் பேசல."

அந்த நேரம் பார்த்து, யாரும் நிறுத்தாத வண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி கோடியில் திரும்பியது. நசுங்கின பழத்தின் சாறு சக்கரத்தில் பளபளத்தது. வழியில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் பதறிப் பின்வாங்கினார்கள். மேடம் புடவையைத் தூக்கிக்கொண்டு அலமாரி ஓரம் ஒதுங்கினாள். சுப்பராயன் வேட்டி தடுக்க ஒரே தாவலாகத் தாவி, ஒரு பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டார்.

சித்ரா மட்டும் ஓடவில்லை. சுவர்ப்பக்கம் நடந்து போய், கட்டுப் போட்ட கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தாள். வண்டி நின்றது. அவள் பெட்டி மேல் நின்ற மானேஜரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ எறங்குங்க சார்" என்றாள். "வண்டிதான் ஒண்ணும் பண்ணாதே. கவனமா இருந்தா போதும்னு சொன்னீங்களே."